சந்திலேயே நல்ல தண்ணீர்

மழை அப்போதுதான் விட்டிருந்தது. காயாத துணிகளை எடுத்து உள்ளே போடலாம் என்று மாடி பால்கனிக்கு வந்தவள், கையில் ஈரத் துண்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

கீழே, சந்தின் முனையில், மகேந்தரை மறித்துக்கொண்டு பிஸ்வாஸ் காக்கூ நின்றிருந்தார்.

மகேந்தர் எங்கள் சந்துக்குப் பூச்கா கொண்டுவருகிறவர். நம் ஊரில் பானிபூரி என்கிறோமே, அதற்கு வங்காளத்தில் பூச்கா என்று பேர். இங்கே புளித்தண்ணீர் இன்னும் கொஞ்சம் உறைப்பாக இருக்கும், எலுமிச்சை வாசனை தூக்கலாக இருக்கும். தலையில் சிவப்புத் துணி போர்த்திய கூடை, தோளில் பிரம்பு முக்காலி, கையில் புளித்தண்ணீர்ப் பானை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தக் கோலத்தில்தான் அவர் வருவார். அவர் முக்காலியை இறக்குவதற்குள் பெண்கள் பாதிப் பேர் வாசலுக்கு வந்திருப்பார்கள்.

அன்று யாரும் வரவில்லை. எல்லோரும் ஜன்னலில்தான் நின்றார்கள்.

"இந்தச் சந்துல இனிமே கால் வைக்காதே! என் பேத்தி ஆஸ்பத்திரியில ட்ரிப் ஏத்திக்கிட்டுக் கிடக்கறா. எல்லாம் உன் அழுக்குப் பூச்காவால வந்தது!"

"பாபு, நானும் இதையேதான் சாப்பிடறேன். என் வீட்டுப் பிள்ளைங்களும் இதையேதான்..."

"போ!"

காக்கூ பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் "போ" என்றால் ஒரு மைதானமே காலியாகிவிடும். மகேந்தர் வந்த வழியே திரும்பினார். திரும்பும்போது ஈரத்தில் கால் வழுக்கி, கூடை சாய்ந்து, சில பூச்காக்கள் தரையில் உருண்டன. அவை தண்ணீரை உறிஞ்சி, ஊறி, மெல்லச் சப்பிப்போவதை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்பது புரிய வேண்டுமென்றால், அந்தச் சந்தின் தண்ணீர்க் கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

சிறுவாணியும் தாமிரபரணியும்

நான் கோயம்புத்தூர். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். என் கணவர் சங்கர் திருநெல்வேலி. அவருக்குத் தாமிரபரணி. கல்யாணமான புதிதில் எங்களுக்குள் வந்த முதல் சண்டை நகைக்காகவோ நாத்தனாருக்காகவோ அல்ல, எந்தத் தண்ணீர் உசத்தி என்பதற்காகத்தான். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தலையிட்டு, ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு, சண்டையைப் பெரிதாக்கினார்கள்.

இப்படிப்பட்ட இருவரையும் ரயில்வே வேலை வங்காளத்துச் சாந்த்ராகாச்சியில் கொண்டுபோய் இறக்கியது. அவருக்கு அங்கே யார்டில் வேலை. எனக்கு மென்பொருள் சோதனை வேலை. மற்றவர்கள் எழுதிய நிரலில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதால், ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். வீட்டுக்காரர் டில்லியில் மகனோடு இருந்தார்.

நகராட்சிக் குழாய் அந்தச் சந்துக்கு வரும், வரும் என்றார்கள். வந்தபாடில்லை. அதனால் வீட்டுக்கு வீடு சொந்த டியூப்வெல். அவரவர் பூமி, அவரவர் மோட்டார், அவரவர் தண்ணீர்.

முதல் நாள் காலை ஊரிலிருந்து கொண்டுவந்த பொடியில் டிகாக்ஷன் இறக்கிக் காபி கலந்தேன். டம்ளரைக் கையில் வாங்கிய சங்கர், அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏளா, இது காப்பியா, மையா? பேனாவுல ஊத்தி எழுதலாம் போல்லா இருக்கு."

"பொடி நம்மூருப் பொடிதானுங்க. தண்ணிதான் இந்தூருது."

பொய் சொல்லவில்லை. காபி சாம்பல் நிறத்தில் இருந்தது. நாக்கில் வைத்தால் ஆணியை நக்கின மாதிரி ஒரு ருசி.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. துவரம் பருப்பு குக்கரில் விசில் விசிலாகக் கத்தியும் முழுசு முழுசாக வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. சோப்பு நுரைக்கவே இல்லை. உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, இறங்க மாட்டேன் என்றது. தலைமுடி தேங்காய் நார் ஆனது. வாட்டர் ஹீட்டர் கம்பியின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, அதுவே ஒரு சட்டை போட்டுக்கொண்டது. சங்கரின் வெள்ளைச் சட்டைகளோ துவைக்கத் துவைக்க மஞ்சளாகி, ஆபீசில் ஒருவர், "உங்கள் ஊரில் இந்த நிறம்தான் சீருடையா?" என்று மரியாதையாகவே கேட்டாராம்.

காலையில் வாளியில் பிடிக்கும்போது தண்ணீர் பளிங்கு மாதிரிதான் இருக்கும். மாலையில் பார்த்தால் மேலே மஞ்சளாக ஒரு ஆடை கட்டியிருக்கும்.

சிறுவாணியும் தாமிரபரணியும் எங்கள் வீட்டில் சமாதானமானது அப்போதுதான்.

கொய்யா இலை வைத்தியம்

எனக்கு இதையெல்லாம் விளக்கியவள் சுமிதா பௌதி. பௌதி என்றால் அண்ணி. இவள் பிஸ்வாஸ் காக்கூவின் மருமகள். காக்கூ என்றால் சித்தப்பா. ஆனால் அந்தச் சந்தில் அவர் எல்லோருக்குமே காக்கூதான். கவிதா என்ற என் பெயரைப் பௌதி முதல் நாளே "கொபிதா" ஆக்கிவிட்டாள். இரண்டு மொழியிலும் அர்த்தம் ஒன்றுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் அவள் தன் வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து நாலைந்து இலைகளைப் பறித்துக்கொண்டு எங்கள் சமையலறைக்கு வந்தாள். ஒரு கண்ணாடி டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள். இலையைக் கசக்கி உள்ளே போட்டுவிட்டு, மந்திரவாதி மாதிரி ஒதுங்கி நின்றாள்.

தண்ணீர் மெல்ல ஊதாவானது. பிறகு நாவற்பழக் கறுப்பு.

"இரும்பு!" என்றாள் பெருமையோடு. "இப்ப எங்க தண்ணியில பாரு."

அவள் கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரில் இலை இலையாகவே கிடந்தது. தண்ணீர் துளிகூடக் கறுக்கவில்லை.

ஒரு கிளை விஷயம். வங்காளத்தில் தண்ணீரைக் குடிப்பதில்லை, "சாப்பிடுகிறார்கள்". "ஜொல் காபே?" என்று கேட்பார்கள், தண்ணீர் சாப்பிடுகிறாயா என்று. ஒரு வட இந்தியத் தோழி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிக்க முகமில்லை. காபி சாப்பிடுகிற ஊரிலிருந்து வந்தவள் நான்.

காக்கூவின் அடிபம்பு

மற்ற வீடுகளில் எல்லாம் ஆழமாகத் துளை போட்டு மோட்டார் வைத்திருந்தார்கள். காக்கூ வீட்டின் பின்பக்கம், மதிலை ஒட்டி, அவருடைய அப்பா காலத்து அடிபம்பு ஒன்று இருந்தது. ஆழம் குறைவு. தண்ணீர் மட்டும் அமிர்தம். அதில் பருப்பு மலர்ந்து வெந்தது. காபி காபியாக இருந்தது.

காலையில் அங்கே திருவிழாதான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குடமும் கேனும் வரும். காக்கூ லுங்கியும் பனியனுமாக நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் தானே பம்பை அடித்துக் கொடுப்பார். "குறுக்கை வளைக்காதே, முதுகு நேரா!" என்று நடுநடுவே டிரில் கட்டளைகளும் போடுவார். யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தது, யார் வீட்டு மாடியில் ஒழுகுகிறது எல்லாம் அந்தப் பம்படியில்தான் தெரியவரும்.

சனிக்கிழமைகளில் மகேந்தரும் பானையை அங்கேதான் நிரப்பிக்கொள்வார்.

"மகேந்தரோட பூச்கா ருசியா இருக்குன்னு சொல்றீங்களே, அது அவன் கைமணம் இல்லை," என்பார் காக்கூ. "என் தண்ணி!"

மகேந்தரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

நான் செய்த ஒரே குற்றம், அந்தத் தண்ணீரைக் காய்ச்சியது. எங்கள் வீட்டில் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர்தான் குடிப்போம். சின்ன வயதிலிருந்து அந்த வாசனை இல்லாமல் தாகம் அடங்காது. இது தெரிந்தபோது காக்கூ நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"பாலைக் காய்ச்சு. சரி. என் தண்ணி என்ன பாவம் பண்ணிச்சு?"

மிலி

மழைக்காலம் தொடங்கியதும் சந்தில் வயிறுகள் கெடத் தொடங்கின. முதலில் கடைசி வீடு, பிறகு எதிர் வீடு. கடைசியில் காக்கூவின் பேத்தி, பௌதியின் மகள் மிலி.

மிலி ஒரு இடத்தில் நிற்காத குழந்தை. மாடிப்படியில் அவள் ஏறிவரும் சத்தத்தைக் கேட்டே நான் லேப்டாப்பை மூடிவிடுவேன். அந்தக் குழந்தை வாந்தியும் பேதியுமாகத் துவண்டு, அவள் அப்பாவின் தோளில் துணி மாதிரித் தொங்கியபடி ஆட்டோவில் ஏறியதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். முந்தின சனிக்கிழமை எல்லோரும் பூச்கா சாப்பிட்டிருந்தார்கள். குற்றவாளியைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் காக்கூ மகேந்தரை விரட்டினார்.

மிலி பிழைத்து வீட்டுக்கு வந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "பூச்காகாக்கூ எப்ப வருவாரு?"

சங்கர்தான் ஒருநாள் மகேந்தரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "ஸ்டேஷன் பஸ் ஸ்டாண்டு ஓரமா நிக்காரு. ஏற்கெனவே அங்க ரெண்டு மூணு பூச்காக்காரங்க இருக்காங்க. நம்மாளு கூடையில பாதி அப்படியேதான் கெடக்கு."

மென்பொருள்காரியின் பாட்டில்கள்

இதற்கிடையில் எனக்கும் டில்லி வீட்டுக்காரருக்கும் ஒரு தனி வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரும்பை வடிகட்டும் தொட்டி ஒன்று வையுங்கள் என்று நான் கேட்டேன். தண்ணீரில் ஒன்றுமில்லை, உங்களுக்குப் பழக்கமில்லை, ஆதாரம் இருந்தால் காட்டுங்கள் என்று அவர் சொன்னார். என்னிடம் போய் ஆதாரம் கேட்கலாமா? அதுதானே என் பிழைப்பு.

பரிசோதனைக்கூடம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீரை மட்டும் கொடுப்பதாகத்தான் திட்டம். விஷயம் பம்படிக்குப் போனதும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தன் வீட்டுத் தண்ணீர் மோசம் என்று புலம்பிக்கொண்டிருந்தவர்கள்கூட, பரிசோதனை என்றதும், "எதிர் வீட்டை விட எங்களோடது தேவலாம்" என்று நிமிர்ந்துகொண்டார்கள்.

காக்கூ தானே கூப்பிட்டுச் சொன்னார்: "என் தண்ணியையும் எடுத்துட்டுப் போ, கொபிதா. நல்ல தண்ணி எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

பரிசோதனைக்கூடத்தில் இருந்த பெண், கடினத்தன்மையும் இரும்பும் போதுமா என்று கேட்டாள். "மழைக்காலம். கிருமியும் பார்த்துடுங்க" என்று சொல்லி, அதற்கென்று சுத்தம் செய்து மூடிய பாட்டில்களைத் தந்தாள். சரி என்று அதிலும் பிடித்துக் கொடுத்தேன்.

முடிவு வந்தது. எங்கள் தண்ணீர் நான் சொன்ன அத்தனை குற்றங்களையும் செய்திருந்தது. கல் போலக் கடினம். இரும்புக் கடை மாதிரி இரும்பு. ஆனால் ஒரு கிருமிகூட இல்லை. மற்ற வீட்டு டியூப்வெல்களும் அப்படியேதான்.

காக்கூவின் தண்ணீரில் இரும்பு இல்லை. கடினம் இல்லை. கிருமி இருந்தது. சாக்கடையில் இருக்கிற கிருமி.

என் வேலையில் ஒரு குறை கண்ணில் பட்டால் உடனே கத்த மாட்டோம். இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்போம். முடிவைச் சொல்லாமல் மறுபடியும் பாட்டிலோடு போனேன். "இன்னும் மார்க் வேணுமா?" என்று சிரித்துக்கொண்டே காக்கூ பம்பை அடித்தார். அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். புதிதாகக் கட்டி, ஆட்கள் குடிவந்திருந்த அடுக்குமாடி. அதன் செப்டிக் டேங்க் மூடி, பம்புக்கு நேர் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இரண்டாவது முடிவும் அதையே சொன்னது.

அமிர்தத்தில் என்ன குறை

"எப்படிங்க சொல்றது?" என்றேன் சங்கரிடம். "அவரு அந்தத் தண்ணிய வெச்சுத்தானுங்க நிமிந்து நடக்கறாரு."

"சொல்லலேன்னா அந்தப் பிள்ளை மறுபடி அதத்தானளா குடிக்கும்," என்றார். "நட, நானும் வாரேன்."

போனோம். காக்கூ உட்காரச் சொன்னார். பௌதி சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து வைத்தாள். நான் என் குழந்தைத்தனமான பெங்காலியில், இந்தி முட்டுக்கொடுக்க, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து பின்பக்கம் போனார். பம்பை அடித்து ஒரு கண்ணாடி டம்ளர் நிறையப் பிடித்துக்கொண்டு வந்து, என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"பாரு. இதுல எங்க இருக்கு? காட்டு."

"பாத்தா தெரியாது காக்கூ. ருசியிலயும் தெரியாது. அதான் கஷ்டம்."

"எங்கப்பா போட்ட பம்பு இது. நாங்க எல்லாரும் இதைக் குடிச்சுத்தான் வளந்தோம்."

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும் காக்கூ. பின்னாடி அந்த அடுக்குமாடி அப்ப இல்லையே."

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மிலி ஏதோ பொம்மையை அதட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"மிலி தினமும் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்ததும் நேரா பம்புக்குத்தான் ஓடுவா," என்றார் மெதுவாக. "நான்தான் அடிச்சுக் கொடுப்பேன். கையைக் குவிச்சுக் குடிப்பா."

பௌதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

காக்கூ டம்ளர்த் தண்ணீரைச் செடியில் ஊற்றினார். ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டு போய், பம்பின் கைப்பிடியைத் தானே கழற்றினார். துருப்பிடித்த போல்ட் சுலபத்தில் அசையவில்லை. சங்கர் உதவிக்குப் போனார். "வேண்டாம்" என்று தலையாட்டிவிட்டார்.

மறுநாள் காலை குடத்தோடு வந்தவர்கள் கைப்பிடி இல்லாத பம்பைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். காக்கூ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "தண்ணி கெட்டுப்போச்சு. காய்ச்சாம யாரும் எதையும் குடிக்காதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் அவரே சொன்னார். வேறு யாரையும் சொல்லவிடவில்லை.

அடுக்குமாடிக்காரர்களோடு பேசித் தொட்டியை மாற்ற வைத்ததும், காக்கூ ஆழமாகப் புதுத் துளை போட்டதும், அதிலும் இரும்பு வந்ததும் தனிக் கதைகள். எங்கள் வீட்டுக்காரரும் கடைசியில் மணலும் கரியும் போட்ட வடிகட்டித் தொட்டியைக் கட்டிக் கொடுத்தார். கொஞ்ச காலம் காக்கூவே ஒரு குடத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"கொபிதா, உன் மட்டமான தண்ணியில கொஞ்சம் கொடு," என்பார். நான் ஊற்றும்போது ஒரு நாளும் அவர் முகம் சுளிக்காமல் இருந்ததில்லை.

பஸ் ஸ்டாண்டில்

கைப்பிடியைக் கழற்றிய அந்த வாரமே, இஸ்திரி போட்ட ஜிப்பா அணிந்துகொண்டு காக்கூ எங்கள் வீட்டுக்கு வந்தார். "என்கூட ஸ்டேஷன் வரைக்கும் வா," என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மகேந்தரைச் சுற்றி இரண்டு மூன்று கல்லூரிப் பெண்கள் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மகேந்தரின் கை ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. காக்கூ அந்தப் பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் கையை நீட்டினார். மகேந்தர் ஒரு இலைக் கிண்ணத்தை வைத்தார்.

காக்கூவுக்கு அல்சர். காரம் பக்கமே போகக்கூடாது என்பது பௌதியின் சட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் முதல் பூச்கா உள்ளே போய்விட்டது. இரண்டாவதும் போனது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது மிளகாயால்தானா என்று எனக்குத் தெரியாது.

"தப்பு உன்மேல இல்லை, மகேந்தர்," என்றார். மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. "என் தண்ணியிலதான் கிருமி. உன்னை விரட்டினது நான் பண்ணின பாவம். மன்னிச்சுக்க."

மகேந்தர் தலை குனிந்தபடி அடுத்த பூச்காவை விரலால் உடைத்து, உருளைக்கிழங்கை வைத்தார்.

"குழந்தை எப்படி இருக்கா, பாபு?"

"நல்லா இருக்கா. உன்னைத்தான் கேக்கறா."

"அப்ப இதுல காரத்தைக் குறைச்சுடறேன்," என்று சொல்லி மூன்றாவதை நீட்டினார் மகேந்தர். "நீங்க நல்லா இருந்தாத்தானே அவளைக் கூட்டிட்டு வருவீங்க."

அடுத்த சனிக்கிழமை மகேந்தர் வந்தார். தனியாக அல்ல. அவருக்கு முன்னால் காக்கூ நடந்துவந்தார், மைதானத்தில் அணிவகுப்பை நடத்திவருவதுபோல. ஒவ்வொரு வாசலிலும் நின்று குரல் கொடுத்தார்.

"எல்லாரும் கேளுங்க! மகேந்தர் வந்திருக்கான்! அவன் பூச்காவுல ஒரு குறையும் கிடையாது! சாக்கடை கலந்தது என் தண்ணியிலதான்! சாக்கடைக் கிருமி! பேதி வந்தது அதனாலதான்!"

ஜன்னல்கள் திறந்தன. மிலி படியிறங்கி ஓடிவந்தாள். ஆனால் மற்றவர்கள் வாசலோடு தயங்கி நின்றார்கள். காக்கூ இன்னும் மூச்சைப் பிடித்து, "சாக்கடை...!" என்று ஆரம்பித்தபோது, மகேந்தர் முக்காலியை இறக்கிவைத்துவிட்டு அவருடைய தோளைத் தொட்டார்.

"பாபு, போதும். நீங்க இப்படிச் சாக்கடை, பேதின்னு கத்திக்கிட்டே வந்தா, எவன் வந்து சாப்பிடுவான்? கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. வியாபாரத்தை நான் பாத்துக்கறேன்."

சந்தே சிரித்தது. காக்கூ வாயை மூடிக்கொண்டு, முதுகை நேராக்கி, பேத்தியின் கையைப் பிடித்தபடி வரிசையில் முதல் ஆளாக நின்றார்.